தையல் பிரித்தாயிற்று, பிறகு?

பிள்ளை பெறுங்கள், இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெறுங்கள் என்ற குரல் இப்போது மேடைகளில் கேட்கிறது. சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் தீட்டி, ‘போதும், நிறுத்துங்கள்’ என்று ஊர் ஊராகச் சொல்லி வந்த நாட்டிலேதான் இந்தக் குரல்! 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, முதியோர் பெருகி இளையோர் குறைவதைக் காட்டி, குடும்பங்கள் கூடுதல் பிள்ளைகளைப் பெற எண்ண வேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் நடந்த திருமண விழாவொன்றில், தமிழ்நாட்டு முதலமைச்சர் என்ற முறையில் பேசிய மு.க. ஸ்டாலின், தொகுதிகள் குறையுமோ என்ற நிலையைச் சுட்டி, பதினாறு செல்வம் என்ற பழைய வாழ்த்தைப் பதினாறு பிள்ளைகள் என்றே பொருள்கொள்ள வேண்டி வருமோ என்ற கருத்தை வெளியிட்டார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. தலைமுறை தேயாமல் இருக்க வேண்டுமானால் 2.1 வேண்டும். கணக்கு இப்படி இருக்கிறது; கவலை அப்படி எழுகிறது.

கவலைப்படட்டும், தவறில்லை. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். பெற மாட்டேன் என்பவர்களைப் பார்த்துப் பேசுகிறீர்களே, பெற வேண்டும் என்று ஏங்கி, பெற வழி தெரியாமல் நிற்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்து என்ன பேசப் போகிறீர்கள்?

சீட்டில் இல்லாத வரி

பள்ளிபாளையத்து விசைத்தறிக் கொட்டகையில் நாளெல்லாம் நின்று வேலை செய்யும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வயது முப்பத்தொன்று. திருமணமாகி ஆறாண்டு. மாதந்தோறும் தாங்கமுடியாத உதிரப்போக்கு. கருப்பையில் நார்க்கட்டி என்றார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றினார்கள். காசு கேட்கவில்லை, கருணையோடுதான் கவனித்தார்கள். பத்து நாளில் தையலும் பிரித்தாயிற்று. கையில் ஒரு சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது? இன்ன மாத்திரை, இத்தனை வேளை, பளு தூக்காதே, இன்ன தேதியில் வந்து காட்டு.

அவள் நெஞ்சிலே இருக்கும் கேள்வி அந்தச் சீட்டில் இல்லை. ‘எனக்குப் பிள்ளை பிறக்குமா? எப்போது முயலலாம்? யாரிடம் போக வேண்டும்?’ கேட்க நா எழவில்லை; வெள்ளை அங்கியைக் கண்டால் ஏழைக்கு நா எழுவதில்லை. டாக்டருக்கோ அடுத்த படுக்கை காத்திருக்கிறது. வீடு திரும்புகிறாள். வாசலில் நிற்கும் உறவு, கேட்காத கேள்விக்குத் தானாகவே விடை சொல்லிவிடுகிறது: ‘வயிற்றைக் கிழித்துத் தைத்தாயிற்று, இனி எங்கே தங்கப்போகிறது?’ பிறகு அந்தக் கொடுஞ்சொல் வருகிறது; ‘மலடி’ என்ற சொல். வைத்தியம் சொல்லத் தவறிய இடத்தில் வம்பு பேசும் வாய் தீர்ப்பு எழுதிவிடுகிறது!

அந்தப் பெண் நாம் எண்ணிப் பார்த்த பெண்தான். ஆனால் அவளைப் போன்றவர்கள் நம் தெருவுக்கு ஒருவர் இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளைப்பேறு தாமதமாகும் துயரை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. செல்வ நாடு, ஏழை நாடு என்று அதில் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை, வைத்தியம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஓல்டாம் நகரம் தந்த பாடம்

சோதனைக் குழாய்க் குழந்தை என்றால் ஏதோ கண்ணாடிக் குடுவையில் நடந்த அதிசயம் என்று நினைக்கிறோம். அந்த முதல் குழந்தையின் கதையே, வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு திட்டமிட்டுச் செய்த சிகிச்சையின் கதைதான் என்பதைப் பலர் அறியார்.

இங்கிலாந்தில் லெஸ்லி பிரவுன் என்ற பெண்மணி. கணவர் ஜான் பிரவுன், ரயில்வேயில் வண்டி ஓட்டிய தொழிலாளி. லெஸ்லிக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. 1970-ல் குழாயைத் திறக்க ஒரு ஆபரேஷன் நடந்தது. பலனில்லை. 1977 பிப்ரவரியில் டாக்டர் பாட்ரிக் ஸ்டெப்டோ சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி வயிற்றுக்குள் பார்த்தார். குழாய்கள் சிதைந்திருந்தன, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. 1977 ஆகஸ்டில் வயிற்றைத் திறந்தார். சிதைந்த குழாய்களின் மிச்சத்தை எடுத்தார், ஒட்டுகளைப் பிரித்தார். அதோடு நிறுத்தவில்லை. பின்னால் கருமுட்டை எடுக்க வசதியாக இருக்க வேண்டும் என்று சினைப்பைகளைத் தக்க இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வயிற்றை மூடினார்!

புண் ஆறக் காத்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, நவம்பர் 10-ஆம் நாள் ஒரே ஒரு முட்டையை எடுத்தார்கள். ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜீன் பர்டியும் ஆய்வுக்கூடத்தில் அதைக் கருவாக்கினார்கள். இரண்டரை நாளில் கரு கருப்பைக்குத் திரும்பியது. 1978 ஜூலை 25-ஆம் நாள் ஓல்டாம் ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். 1971-ல் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தர மறுத்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு 2010-ல்தான் வந்தது.

இந்தக் கதையில் நாம் கற்க வேண்டியது என்ன? ஆகஸ்டில் கத்தி எடுத்தபோதே நவம்பரை நினைத்தார்கள். வயிற்றைத் திறந்த கை, நாளை அங்கே வளர வேண்டிய பிள்ளையை மறக்கவில்லை. பள்ளிபாளையத்துப் பெண்ணின் சீட்டில் இல்லாத வரி அதுதான்.

அவசரமும் கூடாது, அசட்டையும் கூடாது

ஆபரேஷன் முடிந்த பெண்ணை இரண்டு தவறுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. ஆறும் முன்னே அவசரம் ஒன்று. ஆறிய பின்னும் அசட்டை மற்றொன்று. எல்லா ஆபரேஷனும் ஒன்றல்ல. எல்லாருக்கும் ஒரே காலக்கெடுவும் அல்ல. இதைப் பாமரருக்கும் புரியும்படி சொல்ல வேண்டியது நம் கடமை.

சிக்கலில்லாத குடல்வால் ஆபரேஷன் பிள்ளைப்பேற்றைக் கெடுப்பதில்லை. உடல் தேறியதும் முயலலாம். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தால், உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டனவா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நார்க்கட்டிக்காகக் கருப்பைச் சுவரையே ஆழமாக வெட்டித் தைத்திருந்தால், அந்தத் தழும்பு பலப்பட வேண்டும். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் காத்திருக்கச் சொல்கிறார்கள். கருத்தரித்த பின்னும், ‘எனக்கு இன்ன ஆபரேஷன் நடந்தது’ என்று பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வலியெடுக்கும் நேரத்தில் பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்டு; ஆகவே பலருக்கு சிசேரியனே பாதுகாப்பு. சிசேரியன் ஆனவர்கள் அடுத்த கருவுக்கு அவசரப்படக்கூடாது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே 24 மாதமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

சினைப்பை ஆபரேஷன் வேறு வகை. ‘சாக்லேட் கட்டி’ என்று டாக்டர்கள் சொல்லும் கட்டியை உரித்தெடுக்கும்போது, அதோடு நல்ல முட்டைகள் உள்ள திசுவும் போய்விடுவதுண்டு. முட்டை இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும் பெண்ணுக்கு இது பெரிய நஷ்டம். ஆகவேதான், செயற்கைக் கருத்தரிப்பு வெற்றிபெற வேண்டும் என்பதற்காக மட்டும் அந்தக் கட்டியை வழக்கமாக அறுத்தெடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வலி தாங்கமுடியாமல் அறுத்தே தீரவேண்டும் என்றால் அறுக்கலாம். ஆனால் அதற்கு முன்னே முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்து, அவளை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டாமா?

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கருக்குழாயில் நீர் கோத்திருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைத் தங்கவிடாது. அங்கே முதலில் அந்தக் குழாயை எடுத்துவிடுவதோ அடைத்துவிடுவதோ செய்து, பிறகு செயற்கைக் கருத்தரிப்புக்குப் போவதே பலன் தரும். ஒருத்திக்குக் கத்தி பகை. இன்னொருத்திக்குக் கத்தியே துணை! எவளுக்கு எது என்று முடிவுசெய்ய, அறுக்கும் டாக்டரும் கருத்தரிப்பு டாக்டரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

வயிற்றுக் காசநோயையும் மறக்கக்கூடாது. நம் நாட்டில் குழாய்கள் அடைபடுவதற்கு அது முக்கியமான காரணம். அதற்கு ஆறு மாத மருந்து முழுதாக முடிய வேண்டும். இடையில் வேறு சிகிச்சைக்கு ஓடுவது வீண். புற்றுநோய்க்காக ஆபரேஷன் என்றால் நிலைமை இன்னும் கடுமை. முட்டையையோ கருவையோ உறையவைத்துக் காக்க வேண்டுமானால் அதை மருந்தும் கதிரும் தொடங்குமுன்னே செய்ய வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

காத்திருக்கும் மாதங்களும் வெறும் மாதங்கள் அல்ல. 2019-21 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். உதிரம் இழந்து ஆபரேஷனும் ஆன உடம்பில் ரத்தம் ஊறவேண்டும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே போலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம் சாப்பிட வேண்டும். சர்க்கரை, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, கணவனும் பரிசோதனைக்குப் போக வேண்டும்! பிள்ளையில்லாத் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருக்கிறது. வயிற்றைக் கிழித்துக்கொண்டவள் அவள். ஸ்கேனுக்கு அலைபவள் அவள். ஊசி போட்டுக்கொள்பவள் அவள். ஒரு சிறு குப்பியில் மாதிரி கொடுக்க மட்டும் ஆண்மகனுக்குக் கௌரவம் இடங்கொடுப்பதில்லை! இந்த வீம்பு எத்தனை பெண்களின் வயதைத் தின்றிருக்கிறது!

வயதைத் தின்பது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறோம். முப்பத்தைந்துக்கு மேல் பெண்ணின் கருமுட்டைகள் வேகமாகக் குறைகின்றன. பிரிட்டனின் கணக்கில், முப்பத்தைந்துக்கு உட்பட்டவர்களுக்கே கருவைச் செலுத்தும் முயற்சிகளில் மூன்றில் ஒன்று என்ற அளவில்தான் பிள்ளை பிறக்கிறது. நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது. வழிகாட்டாமல் மூன்றாண்டு அலையவிட்டால், அந்த மூன்றாண்டை எந்தப் பணமும் திருப்பித் தராது.

வெட்டுவதற்குப் பணம் உண்டு, பிறகு?

இனிச் சர்க்காரிடம் வருவோம். 2018 செப்டம்பரில் மத்திய சர்க்கார் தொடங்கிய மக்கள் ஆரோக்கியத் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு தருகிறது. நார்க்கட்டியை எடுக்கலாம், கருப்பையையே எடுக்கலாம், பணம் உண்டு. ஆனால் அதன் விலக்குப் பட்டியலைப் புரட்டுங்கள். சிகிச்சைப் பட்டியலில் தனியே இடம்பெற்றிருந்தாலன்றி, செயற்கைக் கருத்தரிப்பும் மலட்டுத்தன்மை தொடர்பான சிகிச்சைகளும் கிடையாது என்று எழுதியிருக்கிறது. கருப்பையை எடுக்கப் பணம் தரும் கஜானா, கருப்பையில் ஒரு கரு தங்குவதற்குக் கதவைச் சாத்துகிறது. இது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-ல் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது; 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு வைத்தது. மருத்துவமனைகள் பதிவுசெய்ய வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் ஒருமுறைக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு கட்டவில்லை. ஒருமுறை முயல ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று செலவாகிறது. நகையை விற்றவர்கள், நிலத்தை ஈடுவைத்தவர்கள், மாதத் தவணைக் கடனில் விழுந்தவர்கள் எத்தனை பேர்! பஸ் நிலையத்துச் சுவரெல்லாம் சிரிக்கும் குழந்தையின் படம். கீழே ‘வெற்றி நிச்சயம்’. முப்பத்தைந்துக்கு உட்பட்டவருக்கே மூன்றில் ஒன்றுதான் என்ற கணக்கை அந்தச் சுவரில் எழுதுவாரா யாராவது?

வெளிநாடுகளைப் பாருங்கள். பிரான்சில் பெண்ணின் 43-ஆவது பிறந்தநாள் வரை நான்கு முயற்சிகளுக்குச் சமூகக் காப்பீடு பணம் தருகிறது. இஸ்ரேலில் 45 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்குப் பொதுச் செலவு. பிரிட்டனில் நாற்பதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முறை என்று 2004-லேயே பரிந்துரை வந்தது. நடைமுறை ஊருக்கு ஊர் மாறுகிறது என்ற குறையும் அங்கே உண்டு. நம் நாட்டில் கோவா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2023-ல் இதை இலவசமாகத் தொடங்கியது. சென்னை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் சர்க்காரே செயற்கைக் கருத்தரிப்பு மையம் அமைத்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பள்ளிபாளையத்துத் தறிக்காரி எழும்பூருக்கு எத்தனை முறை ரயிலேறுவாள்? சிகிச்சை நடக்கும் வாரங்களில் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் ஓயாமல் போகவேண்டுமே! போகும் ஒவ்வொரு நாளும் கூலி போகிறதே!

ஒருமுறை செய்தது தமிழ்நாடு

இது நம்மால் ஆகாத காரியமா? ஒருமுறை செய்து காட்டியிருக்கிறோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்தது. நாகப்பட்டினம் கரையில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களில் பலர், ‘இரண்டு போதும்’ என்ற சர்க்காரின் சொல்லைக் கேட்டுக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு, கட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷனைச் சர்க்கார் செலவில் செய்துதர அன்றைய தமிழ்நாட்டு நிர்வாகம் முன்வந்தது. எல்லாருக்கும் பலிக்கவில்லை; பலருடைய மடியில் மீண்டும் மழலை தவழ்ந்தது.

அன்று சர்க்கார் ஒப்புக்கொண்டது என்ன? பெண்ணின் வயிற்றில் கத்தி வைக்கச் சொன்ன கை, அவள் மீண்டும் தாயாக விரும்பினால் துணைநிற்கவும் கடமைப்பட்டது என்பதைத்தான். 2019-21 கணக்கெடுப்பின்படி, திருமணமான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேஷனோ நூற்றுக்கு அரைகூட இல்லை. கடல் பொங்கிய ஆண்டில் நியாயமாக இருந்தது, கடல் அமைதியாக இருக்கும் ஆண்டில் அநியாயமாகிவிடுமா?

இரண்டு மறுப்புகள்

நூற்று நாற்பது கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் இது தேவையா என்று கேட்பார்கள். மக்கள்தொகைக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். நேற்று குறை என்றது, இன்று கூட்டு என்கிறது. அந்தத் தராசில் வைத்து ஒரு பெண்ணின் விருப்பத்தை நிறுக்க யாருக்கும் உரிமையில்லை. நாட்டுக்குப் பிள்ளை வேண்டும் என்பதற்காக நாம் பேசவில்லை. அவளுக்கு வேண்டும் என்பதற்காகப் பேசுகிறோம். வேண்டாம் என்பவளை யாரும் வற்புறுத்தவும் கூடாது.

தத்தெடுக்கலாமே என்பார்கள். உயர்ந்த காரியம், மனமுவந்து செய்வோரை வணங்குகிறோம். ஆனால் அந்த உபதேசம் ஏன் ஏழையின் வாசலில் மட்டும் ஒலிக்கிறது? லட்சம் கட்டிச் சிகிச்சைக்குப் போகும் சீமாட்டியிடம் சொன்னீர்களா?

நாம் கேட்பது

வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. பிள்ளைபெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கு வயிற்று ஆபரேஷன் என்றாலும், கத்தி எடுக்குமுன் ‘பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உண்டா?’ என்று கேட்டு எழுதிவையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், உள்ளே என்ன செய்தோம், குழாயும் சினைப்பையும் எப்படி இருக்கின்றன, எத்தனை மாதம் காக்க வேண்டும், யாரிடம் வரவேண்டும் என்ற நான்கு வரியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிதோறும் வாரத்தில் ஒருநாள் கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் பார்க்கும் பிரிவு வையுங்கள். ஸ்கேனும் ஊசியும் அங்கேயே கிடைக்கட்டும். முட்டை எடுக்கும் நாளுக்கு மட்டும் பெரிய மையத்துக்குப் போகட்டும். காப்பீட்டின் விலக்குப் பட்டியலிலிருந்து இந்தச் சிகிச்சையை நீக்கி, வயது வரம்போடும் முறைக் கணக்கோடும் சேருங்கள். தனியார் கட்டணத்துக்கு உச்சவரம்பு கட்டுங்கள். பலன் கணக்கை வயது வாரியாக வாசலில் ஒட்டச் செய்யுங்கள்.

இவற்றில் முதல் இரண்டுக்குப் பணமே வேண்டாம். ஒரு பேனா போதும். அவளும் ஒரு மனுஷி, அவளுக்கும் ஒரு நாளை உண்டு என்ற நினைப்புப் போதும். தையல் பிரிக்கும் தேதியை எழுதும் அந்தக் கை, அடுத்த வரியையும் எழுதட்டும். பள்ளிபாளையத்தில் ஒரு பெண் அந்த வரிக்காகக் காத்திருக்கிறாள். காத்திருக்க அவளுக்கு அதிக ஆண்டுகள் இல்லை.